சபை என்றால் யார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவின் காலை அமர்வில், சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் இங்கே சிவில் படித்து 2009-ல் வெளியே போனவன். பழைய கட்டடங்களைப் பரிசோதிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். தமிழ்ப் புலவன் அல்ல. இறையியல் படித்தவனும் அல்ல. அப்படிப்பட்ட என்னை ஒரு சொல்லைப் பற்றிப் பேசச் சொல்லி மேடையில் ஏற்றியிருக்கிறார்கள் என்றால், அதற்கு நம் செயற்குழுதான் காரணம்.

விஷயம் இதுதான். நம் அமைப்புக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று போன மாதம் செயற்குழு கூடியது. 'சங்கம்' என்றார் ஒருவர். "தொழிற்சங்கம் மாதிரி இருக்குங்க" என்றார் இன்னொருவர். 'மன்றம்' என்றால் ரசிகர் மன்றம் ஞாபகம் வருகிறதாம். 'பேரவை' என்றால் கட்சி வாசனை அடிக்கிறதாம். கடைசியில் ஒருவர் 'சபை' என்றார். உடனே ஒரு குரல், "அது சர்ச்சுக்காரங்க வார்த்தையாச்சே!" இன்னொரு குரல், "இல்லை சார், அது மார்கழிக் கச்சேரி வார்த்தை!" பெயர் முடிவாகவில்லை. "நீ கொஞ்சம் படிக்கிற ஆள்தானே, அந்த வார்த்தையோட கதையைத் தேடிப் பார்த்து வந்து சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தேடிப் பார்த்தேன். பெயர் வைப்பதற்காகத் தேடப் போனவனுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கிடைத்தது. இன்று பிற்பகல் பொதுக்குழுவில் நம் முன் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. ஒன்று, பெயர். மற்றது, யார் உறுப்பினர் என்ற விதி. இரண்டாவதற்கும் இந்தச் சொல்லுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் நம் ஊர்ச் சொல்

சபை என்பது வடமொழியிலிருந்து வந்த பழைய சொல். கூடியிருக்கும் மக்களையும் குறிக்கும், அவர்கள் கூடும் இடத்தையும் குறிக்கும். ஆவடியிலிருந்து அரக்கோணம் ரயிலில் போகிறவர்கள் திருவாலங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பது நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை. சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. இங்கெல்லாம் சபை என்றால் ஆடும் அரங்கம், அதாவது இடம்.

அதே சொல், காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூருக்குப் போனால் மனிதர்களைக் குறிக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. (இதை நம் பொருளாளர் அவர்களின் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.)

ஆனால் அந்தச் சபையில் யாரெல்லாம் இருக்கலாம்? அது பிராமண ஊரின் நிலவுடைமையாளர் சபை. வாரியத்துக்கு வர வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். மற்ற ஊர்களின் கூட்டத்துக்கு 'ஊர்' என்று பெயர், வணிகர் கூட்டத்துக்கு 'நகரம்' என்று பெயர். பெண்களுக்கும் நிலமில்லாத உழைப்பாளிக்கும் அந்த உத்திரமேரூர் சபையில் இடம் கிடையாது. நம் பெருமைக்குரிய ஊராட்சி முறைதான், மறுக்கவில்லை. ஆனாலும் உள்ளே யார், வெளியே யார் என்ற கோடு அதில் அழுத்தமாகப் போடப்பட்டிருந்தது.

கிரேக்கத்திலும் இதே கதை

கிறித்தவர்கள் எந்தச் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் 'சபை' என்று வைத்தார்கள்? மூலச் சொல் கிரேக்க மொழியில் 'எக்ளேசியா'. இது முதலில் சமயச் சொல்லே அல்ல. ஏதென்ஸ் நகரத்துக் குடிமக்கள் 'பினிக்ஸ்' என்ற குன்றின் மேல் கூடி, போரா சமாதானமா, வரியா சலுகையா என்று முடிவெடுத்தார்களே, அந்தப் பொதுக்கூட்டத்துக்குப் பெயர் எக்ளேசியா. சில முக்கிய முடிவுகளுக்கு 6,000 பேர் கோரம் வேண்டும். நம் பொதுக்குழுவில் 60 பேர் சேருவதற்கே நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும்!

அங்கேயும் கோடு இருந்தது. வயது வந்த ஆண் குடிமக்கள் மட்டும்தான் உள்ளே. பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் எல்லாம் வெளியே. உத்திரமேரூரும் ஏதென்ஸும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. ஆனால் கோடு போடுவதில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

வேர் வேறு, புழக்கம் வேறு

எக்ளேசியா என்ற சொல்லைப் பிரித்தால் 'வெளியே' என்றும் 'அழை' என்றும் பொருள் வரும். அதனால் "உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவர்களே சபை" என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்து மக்கள் அந்தச் சொல்லைப் பேசும்போது அப்படிப் பிரித்துப் பார்த்துப் பேசவில்லை. 'கூட்டம்' என்ற பொருளில்தான் பேசினார்கள்.

தம்பிகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம் சொல்கிறேன். நாற்காலி என்றால் நான்கு கால் உடையது. உங்கள் கம்ப்யூட்டர் லேபில் இருக்கும் சுழல் நாற்காலிக்கு எத்தனை கால்? ஐந்து. அதற்காக அதை ஐங்காலி என்று யாராவது சொல்கிறோமா? சொல்லின் வேர் ஒன்று சொல்லும். புழக்கம் ஒன்று சொல்லும். பொருள் என்னவென்று தெரிய வேண்டுமானால் புழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பைபிளிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலின் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்தில் நடந்த ஒரு கலவரம் வருகிறது. அர்த்தெமி தேவதைக்கு வெள்ளியில் சிறு கோயில்கள் செய்து விற்ற தட்டார்கள், தங்கள் பிழைப்புக் கெட்டுவிடும் என்று கூட்டத்தைத் திரட்டி, ஊர் அரங்கத்துக்குள் புகுந்து இரண்டு மணி நேரம் கோஷம் போடுகிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எதற்காக வந்தோம் என்றே தெரியாதாம்! அந்தக் கலவரக் கூட்டத்துக்கும் மூல மொழியில் எக்ளேசியா என்ற அதே சொல்தான். சொல்லில் புனிதம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கூடியவர்கள் யார், எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதன் மதிப்பு ஏறியது, இறங்கியது.

முதல் நூற்றாண்டுக் கிறித்தவர்கள் இந்தச் சாதாரணச் சொல்லை எடுத்துத் தங்கள் கூட்டத்துக்கு வைத்தார்கள். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஏற்கெனவே இஸ்ரயேல் மக்களின் கூட்டத்துக்கு இதே சொல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் சொல்லுக்குள் வந்த ஆட்கள் மாறிவிட்டார்கள். ஏதென்ஸ் வெளியே நிறுத்திய பெண்களும் அடிமைகளும் வெளியூர்க்காரர்களும் இந்த எக்ளேசியாவில் உள்ளே உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிட்டேன், அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. கொரிந்து நகரத்தில் அவர்கள் ஒன்றாகக் கூடிச் சாப்பிடும் வழக்கம் இருந்தது. வசதியுள்ளவர்கள் முன்னாலேயே வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவார்கள். உழைத்துவிட்டுத் தாமதமாக வரும் ஏழைகள் பசியோடு நிற்பார்கள். இதைக் கேள்விப்பட்ட பவுல் கோபத்தோடு கடிதம் எழுதுகிறார். இல்லாதவர்களை இப்படி வெட்கப்படுத்துவது அந்தச் சபையையே அவமதிப்பதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். கவனியுங்கள், கட்டடத்தை அவமதித்ததாக அவர் சொல்லவில்லை. அப்போது கட்டடமே கிடையாது. கூடியதெல்லாம் வீடுகளில். பிரிஸ்கில்லா, ஆக்கில்லா என்ற கூடாரத் தொழிலாளத் தம்பதியின் வீட்டில் கூடிய சபையைப் பற்றி அவரே தம் கடிதங்களில் எழுதுகிறார். கிறித்தவ வழிபாட்டுக்கென்று மாற்றி அமைத்த வீடுகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது, சிரியாவில் தூரா யூரோபோஸ் என்ற இடத்தில் தோண்டி எடுக்கப்பட்டது. அது ஏறத்தாழ கி.பி. 240-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவரை ஏறக்குறைய 200 ஆண்டுகள், சபை என்றால் ஆட்கள்தான்.

கட்டடம் எப்போது உள்ளே வந்தது?

கட்டடம் வந்த பிறகு சொல்லும் இரண்டாகப் பிரிந்தது. எக்ளேசியாவிலிருந்து பிரெஞ்சில் 'எக்லீஸ்', ஸ்பானியத்தில் 'இக்லேசியா' வந்தன. ஆங்கிலத்தின் 'சர்ச்', ஜெர்மனின் 'கிர்ஹே' ஆகியவை வேறு ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து, அதாவது 'ஆண்டவருக்குரியது' என்ற பொருள் கொண்ட 'குரியகோன்' என்பதிலிருந்து வந்தவை. நம் 'கோயில்' என்ற சொல்லும் கிட்டத்தட்ட அதே அமைப்புத்தான்: கோ என்றால் தலைவன், இல் என்றால் வீடு.

மக்களா, கட்டடமா என்ற இந்தச் சிறு வேறுபாட்டை வைத்து இங்கிலாந்தில் பெரிய சண்டையே நடந்தது. வில்லியம் டின்டேல் 1526-ல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, 'சர்ச்' என்று போட வேண்டிய இடத்தில் 'கூட்டத்தார்' என்று பொருள்படும் 'காங்கிரிகேஷன்' என்ற சொல்லைப் போட்டார். தாமஸ் மோர் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஒரு சொல்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் சர்ச் என்றால் அமைப்பு, அதிகாரம், ஆயர்கள் என்று மக்கள் மனத்தில் பதிந்திருந்தது. கூட்டத்தார் என்றால், அதிகாரம் கூடியிருக்கிற மக்களுக்குப் போய்விடுமே! டின்டேல் வேறு பல குற்றச்சாட்டுகளும் சேர்ந்து 1536-ல் கொல்லப்பட்டார். பிறகு முதலாம் ஜேம்ஸ் மன்னர் புதிய மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்தபோது, 'சர்ச்' என்பதைக் 'காங்கிரிகேஷன்' என்று மாற்றக் கூடாது என்று மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனி விதியே போட்டார்கள். 1611-ல் வெளிவந்த அந்த பைபிளில் சர்ச்தான் இருக்கிறது. ஜெர்மனியிலோ மார்ட்டின் லூதர் மக்களைக் குறிக்கும் சொல்லையே விரும்பிப் பயன்படுத்தினார்.

தமிழில் சபை

இந்தச் சண்டை எதுவும் இல்லாமலேயே தமிழில் இரண்டு சொற்களும் தனித்தனியாக நிலைத்துவிட்டன. கட்டடத்துக்குக் கோயில், ஆலயம், தேவாலயம், மக்களுக்குச் சபை. கத்தோலிக்கர் மாதா கோயில் என்பார்கள். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி கோயில், குரு, பூசை போன்ற நம் ஊர்ச் சொற்களைக் கிறித்தவ வழக்கில் ஊன்ற வைத்தவர் என்பார்கள். அதே 1706-ல், சரியாக நூறு ஆண்டு கழித்து, ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தொடங்கி வைத்த புராட்டஸ்டன்ட் மரபில், 'சபை' என்ற சொல் அன்றாடப் பேச்சாகவே ஆகிவிட்டது. சபையார், சபை மக்கள், சபை குரு, சபை ஊழியர் என்று அதன் குடும்பம் பெரியது.

ஆனால் வெளியாட்களுக்கு ஒரு எச்சரிக்கை! "நீங்க எந்தச் சபை?" என்று மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள், மூன்று விதமான பதில் வரும். சி.எஸ்.ஐ. நண்பர் தன் சமயப் பிரிவைச் சொல்வார். பெந்தெகொஸ்தே நண்பர், ஞாயிற்றுக்கிழமை தான் போய் உட்காரும் அந்த ஒரு கூட்டத்தின் பெயரைச் சொல்வார். ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியிடம் கேட்டால், தான் சேர்ந்திருக்கும் துறவற சபையின் பெயரைச் சொல்வார். பாதிரியார்களின் பெயருக்குப் பின்னால் 'சே.ச.' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது 'சேசு சபை'. உலகம் முழுவதும் பரந்த மொத்தக் கிறித்தவ சமூகத்தைக் குறிக்க வேண்டுமானால் முன்னால் 'திரு' சேர்த்துத் 'திருச்சபை' என்பார்கள்.

சபைக்குள் இருக்கும் சின்னப் பிரிவுகளுக்கும் நல்ல சொற்கள் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் பல ஊர்ச் சபைகளைச் சேர்த்துச் 'சேகரம்' என்பார்கள். சேர்த்து வைத்தது என்று பொருள். கத்தோலிக்கர் 'பங்கு' என்பார்கள். பங்குத்தந்தை, பங்கு மக்கள். பங்கு என்றால் ஷேர். அதில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு என்பது போல ஒலிக்கும் சொல்.

சமயத்துக்கு வெளியேயும் சபை நம் வாயில் இருக்கத்தான் செய்கிறது. சட்டசபை, ஐ.நா. பொதுச்சபை, பஜனை சபை, சங்கீத சபா. கல்யாண வீட்டில் "சபையில வச்சு அவமானப்படுத்திட்டான்" என்று சண்டை போடுகிறவரும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார். அவர் மண்டபத்தைச் சொல்லவில்லை, அங்கே கூடியிருந்த நாலு பேரைச் சொல்கிறார். ஆகவே "சர்ச்சுக்காரங்க வார்த்தை" என்றவருக்கும், "கச்சேரி வார்த்தை" என்றவருக்கும் என் பதில்: இரண்டு பேரும் சொன்னது சரி, இரண்டு பேருக்கும் மட்டும் சொந்தமானது அல்ல.

நடுவில் ஒரு சுவர்

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. என் தொழிலுக்கு நெருக்கமானதும் கூட.

எல்லோரும் ஒன்றாகக் கூடுவதுதான் சபை என்று சொல்லிக்கொண்டே, நம் ஊரில் அந்தச் சபைக்குள் சாதியையும் உட்கார வைத்தார்கள். ஆண்டவனுக்கு முன்னால் தனித்தனி இடம், தனித்தனி வரிசை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல், சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று தென்னிந்தியாவுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும், இங்கே சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்து வெளியேறினார்கள். ஒன்றாக உட்காருவதைவிட வெளியே போவது மேல் என்று நினைத்தார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில் 1872-ல் கட்டி முடித்த கத்தோலிக்கக் கோயிலின் வரைபடத்தைப் பார்த்தால், எந்த சிவில் என்ஜினீயரும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார். வழக்கமாக ஒரு கோயிலுக்கு மக்கள் உட்கார ஒரு நடுக்கூடம் இருக்கும். இதற்கு இரண்டு. கவட்டை போல இரண்டு கூடங்கள் வந்து பீடத்தின் முன்னால் சேரும். ஒன்றில் வேளாளரும் அவர்களைச் சேர்ந்தவர்களும், மற்றதில் நாடார்களும். பீடம் ஒன்று, பூசை ஒன்று, சாமியார் ஒருவர். ஆனால் இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம் இருப்பவரோடு சேராதபடி தடுப்பு. சமூகத்தில் இருந்த கோட்டை அப்படியே செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுப்பியிருந்தார்கள்.

1910-ல் ஆயர் பார்த் காலத்தில் அந்தத் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. தங்கள் தனியிடம் தங்களுக்கு வேண்டும் என்று ஒரு தரப்பினர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. 1917-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. கோயிலுக்குள் சாதியின் பெயரால் தனியிடத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று முடிவாகி, அவர்கள் கோரிக்கை தோற்றது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனித்தனிப் பகுதி வைப்பதை எதிர்த்து இந்த 21-ஆம் நூற்றாண்டிலும் தலித் கிறித்தவர்கள் போராடியிருக்கிறார்கள். சுவரை இடிப்பது ஒரு நாள் வேலை. மனசில் இருப்பதை இடிக்கத் தலைமுறைகள் ஆகும்.

சுவரை எடுத்தவர்கள்

நல்ல செய்தியும் உண்டு. 1919-ல் தரங்கம்பாடியில் பல பிரிவுகளைச் சேர்ந்த குருமார் சிலர் கூடி, ஐரோப்பாவில் தோன்றிய பிரிவினைகளை இந்தியாவில் நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதில் முன்னின்றவர் வே. ச. அசரியா, திருநெல்வேலிப் பகுதி வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் ஆனவர். பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. பெரிய முட்டுக்கட்டை என்ன தெரியுமா? யாருடைய தகுதி செல்லும் என்பதுதான்! ஆயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத குருமாரை, ஆயர்கள் உள்ள சபைக்காரர்கள் எப்படி ஏற்பது? மறுபடியும் அபிஷேகம் பண்ண வேண்டுமா? கடைசியில், ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர்களை அப்படியே ஏற்றுக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்த ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் ஒன்றாயின. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945-லேயே காலமாகிவிட்டார்.

இதில் நான் பார்ப்பது இதுதான். தகுதி என்ற கேள்வியை அவர்கள் அலட்சியம் செய்யவில்லை, 28 வருஷம் உட்கார்ந்து பேசினார்கள். ஆனால் கடைசியில், கூடியிருக்கிறவர்களை வெளியே நிறுத்தாத வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் சபை

இப்போது வேலப்பன்சாவடிக்கு வருவோம். நம் ஊர்ப் பெயரிலேயே 'சாவடி' இருக்கிறது. சாவடி என்றால் ஊர்ப் பொது இடம். வழிப்போக்கர் தங்குவார்கள், ஊர்க்காரர்கள் கூடிப் பேசுவார்கள். இன்று நாம் ஓட்டுப் போடும் இடமும் வாக்குச்சாவடிதான். சாவடிக்குள் நுழைகிறவனிடம் சர்டிபிகேட் கேட்பது பழைய வழக்கம் அல்ல.

நம் அமைப்பின் விதிப்படி, இங்கே பட்டம் வாங்கியவர் மட்டுமே உறுப்பினர். இடையில் படிப்பை நிறுத்தியவர், அரியரை முடிக்காமல் போனவர் உறுப்பினர் ஆக முடியாது. ஒரு செமஸ்டராவது இங்கே படித்தவர் யாராக இருந்தாலும் உறுப்பினர் ஆகலாம் என்று மாற்றச் சொல்லித்தான் பிற்பகல் இரண்டாவது தீர்மானம் வருகிறது.

எதிர்த்துப் பேசுகிறவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். "கஷ்டப்பட்டு அரியர் எல்லாம் கிளியர் பண்ணி டிகிரி வாங்கினோம், அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும்தான். பட்டதாரி என்ற பெயர் அவர்களுக்கு மட்டுமே உரியது, அதை யாரும் பங்கு கேட்கவில்லை. ஆனால் நம் அமைப்பின் பெயர் 'பட்டதாரிகள் சங்கம்' அல்ல. 'முன்னாள் மாணவர்' சங்கம். ஆங்கிலத்தில் நாம் சொல்லும் 'அலம்னை' என்ற லத்தீன் சொல்லுக்கும் 'ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள்' என்றுதான் பொருள், பட்டம் பெற்றவர்கள் என்று அல்ல. ஆனால் வேரை வைத்து வாதாடக் கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன். எனவே புழக்கத்தையே பார்ப்போம்.

என் வகுப்பில் ஒருவர் இருந்தார். மூன்றாம் ஆண்டில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். வீட்டில் இரண்டு தங்கைகள். படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டப் போனார். இன்று அவரே சொந்தமாக ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில், நம் ஜூனியர் பிள்ளைகள் சிலர் வாடகை வீட்டு மாடியில் சோறு தண்ணி இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டோம். சாப்ட்வேர் கம்பெனியில் இருந்த நாங்கள் எல்லாம் "ப்ரே பண்ணுகிறோம்", "நம்பர் அனுப்பு" என்று பதில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பிரெட்டும் குடிநீர் கேனும் ஏற்றிக்கொண்டு தன் டெம்போவில் போய் இறங்கியவர் அவர்தான். "அண்ணா, நீங்க எந்த பேட்ச்?" என்று ஒரு ஜூனியர் கேட்டானாம். "உங்க பேட்ச்தான்டா, போய்ச் சாப்பிடு" என்றாராம்.

எங்கள் வகுப்பின் புழக்கத்தில் அவர் முன்னாள் மாணவர்தான். கல்யாணத்துக்குப் போகிறோம், சாவுக்குப் போகிறோம், வேலை கேட்டு வரும் தம்பிகளை அவரிடம் அனுப்புகிறோம். நம் விதிப் புத்தகத்தில் மட்டும் அவர் இல்லை. இன்று காலை பதிவு மேஜையில் அவர் பெயர் அடித்த அட்டை இருக்காது. வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "லிஸ்ட்ல பேர் இல்லாம அங்க வந்து என்னடா பண்றது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் மட்டும் அல்ல, இந்தப் பொதுக்குழு.

பழைய கட்டடத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எது சுமை தாங்கும் சுவர், எது வெறும் தடுப்புச் சுவர்? சுமை தாங்கும் சுவரில் கை வைக்கக் கூடாது, மேலே இருப்பதெல்லாம் இறங்கிவிடும். தடுப்புச் சுவரை எடுத்தால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது, இடம்தான் பெரிதாகும். நம் விதிகளையும் அப்படிப் பார்க்கலாம். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி சுமை தாங்கும் சுவர், தொடக்கூடாது. தேர்தல் முறை, உதவித்தொகை கொடுக்கும் முறை, இவையும் அப்படித்தான். பொய்யாகப் பெயர் சொல்லிக்கொண்டு யாரும் நுழையாமல் இருக்கக் கல்லூரியின் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் போதும். பட்டம் வாங்கியவர் மட்டும் என்ற விதி எதைத் தாங்குகிறது? நான் எவ்வளவு தட்டிப் பார்த்தும் அதன் மேல் எந்தச் சுமையும் இருப்பதாகத் தெரியவில்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பிலும் இந்த வருஷம் யாராவது திடீரென்று வராமல் போவார்கள். ஃபீஸ் கட்ட முடியாமல் இருக்கலாம், வீட்டில் கஷ்டம் இருக்கலாம், பேப்பர் போய்விட்டதில் மனசு விட்டுப் போயிருக்கலாம். அட்டெண்டன்ஸில் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாலும் நீங்கள் கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள். சபை என்பது கூப்பிடுவதில்தான் தொடங்குகிறது.

பெயர் என்ன வைப்பது என்று கேட்டீர்கள். சங்கம் என்று வையுங்கள், மன்றம் என்று வையுங்கள், சபை என்றே வையுங்கள். எனக்கு எதுவும் சம்மதமே. பிற்பகலில் முதல் தீர்மானத்துக்கு எப்படி வேண்டுமானாலும் ஓட்டுப் போடுங்கள். இரண்டாவது தீர்மானத்துக்கு மட்டும் ஆதரவாகக் கை தூக்குங்கள் என்று உங்கள் அனைவரையும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.